ரொபின்சன் வயது கூட்டிய படம்

சும்மா சொல்லக்கூடாது, ரொபின்சனுக்குக் கை நல்ல கை. மன்னார் பட்டினத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிப்போய்க் கிடக்கிற அவருடைய படக்கடைக்குள் உயிரோடு போன சனத்தைவிடச் செத்த பிறகு போன சனம்தான் அதிகம். முப்பத்தோராம் நாளுக்கு வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கிற நினைவு மலர் இருக்கிறதே, அதுதான் அவருடைய பிழைப்பு. இந்தப் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால், அழுகை ஓய முதலே ஆராவது ஒருத்தர் செத்தவரின் அடையாள அட்டையைத் தூக்கிக்கொண்டு ரொபின்சனிடம் ஓடிவருவார்.

ஏன் அடையாள அட்டை என்று கேட்பீர்கள். வேறு படம் இல்லை, அவ்வளவுதான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அலுமாரி போனது, அல்பம் போனது, கலியாணப் படம் போனது. சோதனைச் சாவடியில் காட்ட வேண்டும் என்பதால் அந்த அட்டை மட்டும் மடியில் தங்கிவிட்டது. அந்தப் படத்தில் ஆருக்குத்தான் முகம் முகமாக இருக்கும்? எல்லாரும் களவெடுத்துப் பிடிபட்ட முழிதான் முழிப்பார்கள். ரொபின்சன் அதைக் கொம்பியூட்டரில் ஏற்றி, கறையைத் துடைத்து, கன்னத்துக்குக் கொஞ்சம் சதை வைத்து, கடைசியில் ஒரு கோட்டும் போட்டுவிடுவார். கோட்டு மட்டும் அவரிடம் விதம் விதமாகக் கிடந்தது. தலையை வெட்டிக் கழுத்தில் பொருத்தினால் சரி. கீரிக் கடற்கரையில் ஆயுள் முழுக்கக் கரைவலை இழுத்து, இடுப்பில் கட்டின சாரத்தைத் தவிர வேறு உடுப்பு அறியாத மனுசன், நினைவு மலரில் கழுத்துப்பட்டி கட்டி வங்கி மனேச்சர் மாதிரி இருப்பார். வீட்டுக்காரருக்கு அதில் ஒரு ஆறுதல்.

ரொபின்சன் பேசாலையில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் தாய் தகப்பனோடு வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனபோது பாலர் வகுப்புப் பிள்ளை. மண்டபம் அகதி முகாமில் கொஞ்சக் காலம், மதுரைப் பக்கத்து முகாம் ஒன்றில் மிச்சக் காலம். அங்கே கலியாண அல்பம் செய்கிற இடத்தில் சேர்ந்துதான் தொழில் பழகினார். மாப்பிள்ளை பொம்பிளையைப் பனிமலையில் நிற்க வைப்பது, கறுத்த பொம்பிளையை வெளுக்க வைப்பது, கோவித்துக்கொண்டு கலியாணத்துக்கே வராத தாய்மாமனைப் பந்தலுக்குள் கொண்டுவந்து சிரிக்க வைப்பது என்று எல்லாம் படித்தார். இல்லாத ஆளை இருக்கப் பண்ணுகிற வேலை அப்போதே கைக்கு வந்துவிட்டது. சண்டை முடிந்து மனைவியோடு ஊர் திரும்பினவர், அந்தத் தொழிலையும் கூடவே கொண்டுவந்தார். இங்கே சனம் அவரை 'இந்தியாக்காரன்' என்று பகிடி பண்ணும். கதைக்கிறபோது இடைக்கிடை 'சரிங்க' என்று வந்துவிடும், பாவம்.

இலுப்பைக்கடவைப் புஸ்பம் அவரிடம் முதல்முதல் வந்தது புருசனுடைய நினைவு மலருக்கு. புருசன் இரத்தினம் வயல்காரன். ஊர் திரும்பிக் காடு வெட்டி, இரண்டு போகம் விதைத்து, மூன்றாம் போகத்துக்கு முன்னம் நெஞ்சுவலியில் போய்விட்டான். கோட்டுப் போட்ட இரத்தினத்தைப் பார்த்துப் புஸ்பம் அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். "இந்தக் கோலத்தோடை வயலுக்குப் போயிருந்தா மாடு கயித்தை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கும் தம்பி," என்றாள். ரொபின்சனுக்கு அந்த மனுசியை அன்றைக்கே பிடித்துப்போனது.

புஸ்பத்துக்குப் பிள்ளைகள் இரண்டு. இளையவள் சோபனா. மூத்தவன் ஜெகதீபன், கடைசிச் சண்டையில், சனம் நெரிபட்டு வந்த நாட்களில் காணாமல் போனவன். அப்போது பதினேழு வயது. பிடித்திருந்த கையை ஒரு சனக்கும்பல் பிரித்துவிட்டது என்றுதான் புஸ்பம் சொல்வாள். அதற்குமேல் ஒரு சொல் கூடச் சொல்லமாட்டாள். அவனுக்கு மலரும் இல்லை, திவசமும் இல்லை. இருக்கிற பிள்ளைக்கு ஆர் திவசம் செய்வார்கள்?

பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார் சேர்ந்து ஒரு புத்தகம் போட வேண்டும் என்று வெளிக்கிட்டது இரண்டாயிரத்துப் பதினேழில். வெளியிலிருந்து ஆர் விசாரிக்க வந்தாலும் கையில் கொடுக்க ஒரு புத்தகம். பக்கத்துக்கு ஒரு பிள்ளை. ஓய்வுபெற்ற வாத்தியார் யாகப்பர் அதற்கு முன்நின்றார். வேலை ரொபின்சனிடம் வந்தது. கூலி வேண்டாம் என்றுவிட்டார் மனுசன். தானும் ஓடிப்போய்த் திரும்பி வந்தவன்தானே, இந்தத் தாய்மாருக்கு ஒன்று செய்தேன் என்று இருக்கட்டும் என்பது அவருடைய எண்ணம்.

முதல் மாதிரிப் பக்கத்தை அவர் கொண்டுபோய் விரித்த அன்று, கோயில் மண்டபத்தில் இருந்த அத்தனை தாய்மாரும் வாயடைத்துப்போனார்கள். பிடித்துப்போய்த்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தாரே, அந்த அறிவைப் பாருங்கள். புஸ்பம்தான் எழும்பி வந்து, பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இதென்ன தம்பி, நாலு மூலையிலையும் பூ?"

"வடிவுக்கு, அம்மா."

"சுத்திவரக் கறுப்புக் கரை போட்டிருக்கிறியள். 'மலர்வு' எண்டு பிறந்த திகதியும் போட்டிருக்கிறியள். இஞ்சாலை இந்தப் பக்கம் சும்மா வெள்ளையாக் கிடக்குதே, இதிலை என்ன வரப்போகுது?"

ரொபின்சனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நினைவு மலரில் இடப்பக்கம் 'மலர்வு', வலப்பக்கம் 'உதிர்வு'. பழைய அச்சை எடுத்து வைத்து, வலப்பக்கத்துச் சொல்லை மட்டும் அழித்திருந்தார். அழித்த இடம் அப்படியே காத்துக்கொண்டு கிடந்தது. இந்த ஊரில் எழுத வாசிக்கத் தெரியாத கிழவிக்கும் அந்தப் பக்கம் என்ன சொல்கிறது என்று தெரியும். ஒவ்வொரு வீட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது.

"என்ரை பிள்ளையைச் சாக்காட்டிப் போட்டு வடிவோ?" என்றாள் புஸ்பம். குரல் உயரவில்லை. அது இன்னும் கூடச் சுட்டது.

அன்றைக்கு வீட்டில் அவர் சோறு தின்னவில்லை. அடுத்த நாள் கடையில் இருந்து, பூவை எடுத்தார், கரையை எடுத்தார், முட்டை வடிவாய் வெட்டின முகத்தைச் சதுரமாக்கினார். செத்தவர்களின் பேர் எழுதுகிற நெளிந்த எழுத்தை விட்டு, பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்து எழுத்தை எடுத்தார். செய்யச் செய்யத்தான் தெரிந்தது, தனக்குத் தெரிந்த வடிவெல்லாம் செத்தவீட்டு வடிவு என்று. உயிரோடு இருக்கிற ஒருத்தனை ஒரு தாளில் எப்படி வைப்பது என்று இத்தனை வருசத்தில் ஒருத்தரும் அவரிடம் கேட்டதில்லை. அது அவருக்குப் பெரிய கவலையாகப் போய்விட்டது.

அந்தக் கவலையிலும் வெட்கத்திலும்தான் இன்னொரு வேலையைத் தொடங்கினார். ஜெகதீபனின் படம் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு எடுத்த சின்னப் படம். மீசை அரும்பின முகம். இப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது. ஆராவது அவனைக் கண்டாலும் இந்தப் படத்தை வைத்து எப்படி மட்டுக்கட்டுவது? புஸ்பத்துக்குச் சொல்லாமல், அவன் முகத்துக்கு வயது கூட்டினார். நெற்றியைத் தகப்பனின் நினைவு மலருக்கு வந்த படத்திலிருந்து எடுத்தார். கண்ணுக்குக் கீழே விழுகிற நிழலைப் புஸ்பத்தின் படத்திலிருந்து எடுத்தார். பள்ளிச் சட்டை இருபத்தைந்து வயதுக்காரனுக்குச் சரிவராது என்று, முகாமில் தன்னை எடுத்த படம் ஒன்றிலிருந்து தன்னுடைய நீலக் கோடு போட்ட சட்டையையே மாட்டிவிட்டார். அதற்குப் பின்னால் இருந்த பச்சைச் சுவரும் கம்பி யன்னலும் கூடவே வந்தன. எடுக்க மனம் வரவில்லை. அது படத்துக்கு ஒரு உண்மையைக் கொடுத்தது.

யாகப்பர் வாத்தியார் அதைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார்.

"நீர் கெட்டிக்காரன், அதிலை கதையில்லை," என்றார். "ஆனா இது புத்தகத்துக்கு வேண்டாம். நாளைக்கு ஒருத்தன் கேப்பான், இந்தப் படம் எப்ப எடுத்தது எண்டு. என்ன சொல்லுறது? தாய்க்கும் காட்டாதையும். வீண் வேலை."

புத்தகம் பள்ளிக்கூடப் படத்தோடுதான் வந்தது. புஸ்பம் அதைத் தடவிப் பார்த்து, "ஓம், இப்ப என்ரை பிள்ளை இருக்கிறான்," என்றாள். அதோடு விட்டிருக்கலாம்.

விட மனம் வரவில்லை. இரவு பகலாய்ப் பாடுபட்டது கொம்பியூட்டருக்குள் பூட்டிக் கிடக்கிறதே என்ற ஆதங்கம். மனுசனுக்கு அந்தளவு பெருமை இல்லாமல் இருக்குமோ? கடைக்கு ஒரு பேஸ்புக் பக்கம் இருந்தது. 'பழைய படங்கள் புதுப்பித்துத் தரப்படும்' என்று எழுதி, அந்தப் படத்தைப் போட்டார். முந்தின படத்தையும் பக்கத்தில் போட்டால்தான் வேலை தெரியும். ஆனால் அதைப் போட்டால் ஆருடைய பிள்ளை என்று ஊருக்குத் தெரிந்துவிடும், தாய்க்கு நோகும் என்று நினைத்து அதை விட்டுவிட்டார். பேரும் போடவில்லை. நல்ல மனதோடு செய்த அந்த ஒரு காரியம்தான் அவர் தலையில் விழுந்தது.

மூன்று நாலு மாதம் கழித்து ஒரு காலமை, கடை திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டு நிற்கிறபோது, முதல் பஸ்ஸில் வந்திறங்கின புஸ்பம் மகளையும் இழுத்துக்கொண்டு வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு பை. மூச்சு வாங்கினாள்.

"தம்பி, மகன் இருக்கிறான்."

ரொபின்சன் சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தார்.

"கதிரையிலை இருங்கோ அம்மா. என்ன சொல்லுறியள்?"

"எனக்கு இருக்கிறதுக்கு நேரமில்லை. இஞ்சை பாருங்கோ." சோபனாவின் கையிலிருந்த போனைப் பறித்து நீட்டினாள். "பிரான்சிலை இருக்கிற என்ரை மச்சாளுக்கு ஆரோ வைபரிலை அனுப்பினது. தெற்கிலை ஒரு ஆமி முகாமுக்குள்ளை எடுத்ததாம், இடமும் சொல்லியிருக்கினம். காவலுக்கு நிண்ட ஒருத்தன் களவாய் எடுத்து வெளியிலை விட்டதாம். பாருங்கோ, கம்பி யன்னல் தெரியுது. தேப்பன்ரை நெத்தி அப்பிடியே வந்திருக்குது தம்பி."

ரொபின்சன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைத்தான் பார்த்தார். நீலக் கோடு போட்ட சட்டை. மூன்றாம் பொத்தான் மற்றப் பொத்தான்களின் நிறத்தில் இல்லை. அது அறுந்து விழுந்தபோது, முகாமில் வேறு பொத்தான் கிடைக்காமல், மனைவி தன்னுடைய சட்டையிலிருந்து ஒன்றைப் பிடுங்கித் தைத்துவிட்டது.

"நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்யவேணும்," புஸ்பம் நிற்காமல் சொல்லிக்கொண்டு போனாள். "இதைப் பெருப்பிச்சு அடிச்சுத் தாங்கோ, நான் கொண்டுபோய் அந்த முகாம் வாசலிலை நிக்கப்போறன். பத்து மணி பஸ்ஸுக்கு வெளிக்கிடுறன். அதுக்கு முதல் அந்தச் சுவரைப் பெருப்பிச்சுப் பாருங்கோ, ஏதும் எழுத்து, நம்பர் தெரியுதோ எண்டு. உங்கடை மிசினிலை எல்லாம் தெரியும்தானே."

"சோபனாவின்ரை கலியாணம் வருது எல்லோ?" என்று கேட்டார். வேறு எதையாவது கதைத்தால் போதும் போலிருந்தது.

"தள்ளிப்போடுறன். பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் போன் எடுப்பினம், சொல்லிவிடுறன். தமையன் இருக்கேக்கை வேறை ஆரும் மாப்பிள்ளைத் தோழனாய் நிக்கிறதோ? மாப்பிள்ளையின்ரை காலை அவன்தான் கழுவவேணும்."

சோபனா வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவையள் ஏற்கெனவே ஒருக்காப் பொறுத்தவை," என்று மெல்லச் சொன்னாள். "இனிப் பொறுக்கமாட்டினம், அண்ணை." அவள் அதைத் தாய்க்குச் சொல்லவில்லை, ரொபின்சனுக்குத்தான் சொன்னாள்.

சொல்லாமல் விடலாம். அந்த எண்ணம் வந்தது, இல்லையென்று சொல்லேலாது. பெருப்பித்து அடித்துக் கொடுத்தால் மனுசி போவாள், வாசலில் நிற்பாள், ஒருத்தரும் பதில் சொல்லாமல் திருப்பி அனுப்புவார்கள், அது அவளுக்குப் பழகின சங்கதி. ரொபின்சன் கைக்கு எந்தப் பழியும் வராது. பெடிச்சியின் கலியாணம் குழம்பும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' அவருக்கே அருவருப்பாய் இருந்தது. முதல்தரம் பூவும் கரையும் போட்டு அந்தப் பிள்ளையைச் சாக்காட்டினேன், இந்தமுறை சட்டை போட்டு உயிர் கொடுத்திருக்கிறேன், என்னை ஆர் கேட்டது என்று நெஞ்சு அடித்தது.

"அம்மா," என்றார். "இது நான் செய்த படம்."

புஸ்பம் சிரித்தாள். "என்ன பகிடி விடுறியள்?"

"பகிடி இல்லை, அம்மா. பேஸ்புக்கிலை நான்தான் போட்டனான். பேர் போடேல்லை. ஆரோ எடுத்துக் கதை கட்டி அனுப்பியிருக்கினம்."

"உங்களுக்கு விசரோ? என்ரை பிள்ளையை எனக்குத் தெரியாதோ?"

இதற்கு வாயால் சொல்லி முடியாது என்று கண்டுகொண்டார். கொம்பியூட்டரைப் போட்டு, அந்தப் படத்தின் மூலத்தைத் திறந்தார். திரை முழுக்க ஜெகதீபன் வந்து நின்றான், போனில் இருந்ததைவிடத் துலக்கமாக. அவள் கையெடுத்துக் கும்பிடாத குறை. ரொபின்சன் அந்த வேலையை எப்போதும் தட்டுத் தட்டாகத்தான் செய்வார். ஒரு தாளுக்கு மேலே இன்னொரு கண்ணாடித் தாள் வைத்த மாதிரி. ஒன்றை அமத்தினால் அது மட்டும் மறையும்.

"இந்தச் சுவரும் யன்னலும் மதுரையிலை நான் இருந்த முகாம்," என்று அமத்தினார். பச்சைச் சுவர் போய், பின்னால் வெள்ளையாகியது.

"இந்தச் சட்டை என்ரை. வீட்டை வந்தாக் காட்டுவன், பொத்தானைப் பாருங்கோ." சட்டை போய், பள்ளிக்கூடக் கழுத்து வந்தது.

"இது ஐயாவின்ரை நெத்தி. அவரின்ரை மலருக்குத் தந்த படத்திலை எடுத்தது." நெற்றி சின்னதானது.

கடைசித் தட்டில் வந்து கை நின்றது. "இது..." என்று இழுத்தார். "கண்ணுக்குக் கீழை இருக்கிறது உங்கடை, அம்மா." அமத்தினார்.

திரையில் அந்தப் பள்ளிக்கூடப் பெடியன், மீசை அரும்பினபடி, பதினேழு வயதில் நின்றான். சோபனா வந்து தாயின் தோளைப் பிடித்தாள். புஸ்பம் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்கள் ஆர் இதைச் செய்ய?" என்றாள். "நான் கேட்டனானோ? என்ரை முகத்தையும் அந்த மனுசன்ரை முகத்தையும் பிய்ச்சு ஒட்டி விளையாட நாங்கள் என்ன பொம்மையோ? ஒரு கிழமையா நான் நித்திரை கொள்ளேல்லை, தெரியுமோ? அவனுக்கெண்டு சட்டை வாங்கி வைச்சிருக்கிறன்." பையைத் தூக்கி மேசையில் போட்டாள்.

ரொபின்சன் மன்னிப்புக் கேட்டார். அதற்கு அவள் காது கொடுக்கவில்லை. பேஸ்புக்கில் இருந்ததை அவள் கண்முன்னாலேயே அழித்தார். "அங்கை அழிச்சு என்ன, இஞ்சை கிடக்குதே," என்று போனைக் காட்டினாள். அதுவும் உண்மைதான். எத்தனை பேரின் போனில் அந்தப் பெடியன் இப்போது நிற்கிறானோ, ஆருடைய பிள்ளை என்று சொல்லி எந்தத் தாய்க்கு அனுப்புவார்களோ.

புஸ்பம் போவாள் என்று நினைத்தார். அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். திரையைப் பார்த்தபடியே கனநேரம் இருந்தாள். பத்து மணி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது, திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மகளிடம் கையை நீட்டினாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்குப் போனைப் போடு."

சோபனா போட்டுக் கொடுத்தாள். "ஓம், நான்தான் கதைக்கிறன்," என்றாள் புஸ்பம். "நாளிலை மாற்றமில்லை. ஓமோம், அதே நாள்தான். தோழனுக்கோ? என்ரை தம்பியின்ரை பெடியன் நிப்பான்." சேலைத் தலைப்பால் போனைத் துடைத்து மகளிடம் திருப்பிக் கொடுத்தாள். சோபனா வெளியே போய், சைக்கிள் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"தம்பி," என்றாள் புஸ்பம். "எடுத்ததையெல்லாம் திருப்பிப் போடுங்கோ பாப்பம்."

ரொபின்சனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் போட்டார். கண்ணுக்குக் கீழே நிழல் வந்தது, நெற்றி அகன்றது, பள்ளிக்கூடக் கழுத்து மறைந்து சட்டை வந்தது, பின்னால் பச்சைச் சுவர் வந்தது. டக், டக் என்று நாலு தட்டல்; பதினேழு வயதுப் பெடியன் ஆம்பிளையாகி நின்றான்.

"எடுத்துப்போட்டு இன்னொருக்காப் போடுங்கோ."

எடுத்தார். போடப் போனார்.

புஸ்பம் எட்டி அவருடைய கையைப் பிடித்தாள்.

"மெல்லமாப் போடுங்கோ, தம்பி," என்றாள். "நான் பாக்கேல்லை அவன் வளந்ததை."